நீலப்புல்லும் பதினாறாவது வரியும்

1

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. எங்கள் நாளிதழின் ஒன்பதாம் பக்கத்தில், வலது கீழ் மூலையில், ‘மைதானங்களுக்கு ஏற்ற நீலப்புல்’ என்ற தலைப்பில் பதினாறு வரிச் செய்தி ஒன்று வெளியானது.

அதை எழுதியவன் நான். அதில் எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை, தலைப்பு மாறவில்லை. ஒருவருக்கு வேலை மட்டும் போயிற்று.

நடந்ததைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டுரை என்றால் பெயர் போட வேண்டும். பெயர் போட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கதைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நன்றாக இல்லை என்று மட்டும் சொல்வார்கள். எனவே கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அதிகாலைப் பனியில், பரந்து விரிந்த பசும்புல்வெளியின் நடுவே தனித்து நின்ற அந்த மனிதரின் கண்களில்—”

[கைவிட்டேன். அவருடைய கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் குனிந்திருந்தார். வேலை நேரத்தில் அவர் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.]

பிறகு: “புல் என்பது மனித நாகரிகத்தின்—”

[கைவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நானே படிப்பதில்லை.]

மூன்றாவதாக: “மைதானக்காரர் சட்டைப் பையிலிருந்து மர அளவுகோலை எடுத்துப் புல்லுக்குள் செங்குத்தாக நிறுத்தினார்.” இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

2

அளவுகோல் ஆறு அங்குல நீளம். ஒன்றரை அங்குலத்தில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். ஒரு கால்பந்துக் கழகத்தின் மைதானத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக அந்த நூலின் உயரத்தில் வைத்திருந்தவர் அவர். ஆகவே கழகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஒண்ணரை’.

“ஒண்ணரை வந்தாச்சா?” “ஒண்ணரைகிட்ட கேளு.” அவருக்கு இதில் வருத்தமில்லை. “ரெண்டுன்னா பந்து ஓடாது. ஒண்ணுன்னா புல்லு ஓடிரும். பேரு சரியாத்தான் வச்சிருக்கானுங்க” என்பார்.

குடியிருப்பு, மைதானத்தின் பார்வையாளர் கேலரிக்குக் கீழே. இரண்டு அறை. கூரை படிக்கட்டுபோல இறங்கி வரும். ஒரு ஓரத்தில் நிற்கலாம், மறு ஓரத்தில் உட்காரத்தான் முடியும். அவருடைய மனைவி அந்த மறு ஓரத்தில் தையல் இயந்திரத்தைப் போட்டிருக்கிறாள். ஊராரின் காற்சட்டைகளை நீளம் குறைப்பதும் இடுப்பைப் பிரித்துத் தருவதும் அவள் தொழில். ஆட்டம் நடக்கும் நாட்களில் மேலே ஆயிரம் பேர் எழுந்து உட்காரும்போது இயந்திரத்தின் மேலுள்ள நூல்கண்டு நடுங்கும். எந்தப் பக்கம் கோல் விழுந்தது என்பதை அந்த நடுக்கத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

வேலை இருந்தால்தான் இந்த வீடு. வாசகர் கடைசிவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

மைதானக்காரருக்கு ஒரு மைத்துனன் உண்டு. படித்தவன். அவரிடம் அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவரைவிடத் தெளிவாகச் சொல்லத் தன்னால் முடியும் என்ற நினைப்பு—

[இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதை நகர்வதற்காக உள்ளே தள்ளப்பட்டவன்போல நிற்கிறான். நீக்கிவிட மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை, ஏனென்றால் அது நான்தான். தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவள் என் அக்கா. இனி மைதானக்காரரை ‘மாமா’ என்றே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதினாலும் கை கூசுகிறது.]

3

புல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவசரமுள்ளவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஆனால் அங்கே கழகத் தலைவர் செய்யும் தவறு அவர்களுக்குத் தவறாகவே தெரியாது.

நீலப்புல் குளிர் தாங்கும் புல். ஒருமுறை விதைத்து வேர்பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இலையின் நுனி படகின் முனைபோலக் குவிந்திருக்கும். நடுவில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு ஓடும். அடையாளம் காண இந்த இரண்டும் போதும். விதை மிகச் சிறியது, ஒரு கிராமில் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். கால் அங்குல ஆழத்துக்கு மேல் போனால் வெளியே வராது. மேலாக விதைத்தாலும் முளைக்க இரண்டு வாரம், மூன்று வாரம், சில சமயம் நான்கு. அதுவரை மேல்மண் காயக் கூடாது. ஈரம் இருக்க வேண்டும், சேறு ஆகக் கூடாது. மற்ற புற்கள் ஒரே வாரத்தில் தலைகாட்டிவிடும். இது அப்படியில்லை.

பொறுத்தவர்களுக்கு அது திருப்பித் தருவது நிறைய. மாடும் குதிரையும் விரும்பி மேயும். சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கும். முக்கியமாக, மண்ணுக்கடியில் தண்டுகளை ஓடவிட்டுத் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும். ஆட்டக்காரரின் காலணி பிய்த்துப் போட்ட இடத்தைச் சில வாரங்களில் பக்கத்துப் புல் வந்து மூடிவிடும். அக்காவின் தொழிலும் இதுதான், ஆனால் அவளுக்குக் கூலி உண்டு.

கடும் வெயிலில் தண்ணீர் இல்லாவிட்டால் பழுப்பாகிச் செத்ததுபோலக் கிடக்கும். மழை வந்தால் எழுந்துகொள்ளும். இது என்ன குணம் என்று மாமாவிடம் கேட்டேன். “லீவுல இருக்கு மாப்ள. விடு” என்றார்.

நிறம் பச்சை. கரும்பச்சை. வெட்டாமல் முழங்கால் உயரம் வளரவிட்டால், கதிர் வரும் பருவத்தில், தூரத்திலிருந்து பார்க்கும்போது மேலே ஒரு நீலச் சாயல் படரும். பெயர் வந்தது அதனால்தான் என்பார்கள்.

இதில் பதினைந்து வரிக்கு அடங்கியது ஆகஸ்ட் 12 அன்று வெளியாயிற்று. பதினாறாவது வரி இது: “இதன் நீல நிறத்தாலேயே இப்பெயர் பெற்றது.” அந்த வரியைச் சேர்த்தவர் பக்கம் அமைப்பவர்.*

* இந்த வாக்கியத்துக்கு நான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

4

கழகத் தலைவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் உண்டு. (ஒரு கதாசிரியனாக இதை நான் யோசித்துச் சேர்த்திருந்தால், மிகை என்று நானே வெட்டியிருப்பேன்.)

கழகத்தின் நிறம் நீலம். ஆகஸ்ட் 13 காலை, அலுவலக அறையில், மேசைமேல் எங்கள் ஒன்பதாம் பக்கம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. மாமாவும் செயலாளரும் நின்றிருந்தார்கள். நான் அங்கே இல்லை. மாமா சொன்னபடி எழுதுகிறேன். மாமா பேச்சைக் கூட்டிச் சொல்பவரல்ல, குறைத்துச் சொல்பவர்.

“ஒண்ணரை, இதைப் பாத்தியா?”

“பாத்தேன் தலைவரே. நல்ல புல்லு. நானே கேக்கணும்னு இருந்தேன்.”

“நம்ம சட்டை நீலம், கேட்டு நீலம், நாற்காலி நீலம். தரை மட்டும் ஏன்யா பச்சையா கெடக்கணும்?”

“பேருதான் தலைவரே நீலம். புல்லு பச்சை.”

“பேப்பர்ல போட்டிருக்கானே. உன் மச்சினன்தானே எழுதினது? படிச்ச பையன்.”

“கதிர் வர்ற நேரத்துல, தூரத்துல நின்னு பாத்தா லேசா நீலம் தட்டும். அவ்வளவுதான்.”

“தட்டுமில்ல?”

“தட்டும். ஆனா அதுக்கு முழங்கால் உசரம் விடணும். விட்டா அது கிரவுண்டு இல்ல, மேய்ச்சல்.”

“தட்டும்னு நீயே சொல்லிட்ட.” தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோங்க.”

செயலாளர் கூட்டக் குறிப்பேட்டில் எழுதினார்: ‘நீலம் தட்டும் என மைதானக்காரர் உறுதியளித்தார்.’

5

செப்டம்பர் 3 அன்று விதைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மைதானம் வெறும் மண்ணாகக் கிடந்தது. தலைவர் தினமும் கடை திறக்கும் முன் வந்து வேலியோரம் நின்று பார்த்தார்.

“பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறாருடா” என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். “உங்க மாமா நர்ஸம்மா மாதிரி, இன்னும் ஆகல போங்கன்னு அனுப்பிட்டு இருக்காரு.”

பத்தொன்பதாம் நாள் முளைத்தது. பச்சையாக முளைத்தது. “குழந்தை பொறந்ததும் நிறம் தெரியாது” என்று தலைவர் செயலாளருக்கு விளக்கினார். குளிர்காலம் வந்து போனது. வசந்தத்தில் புல் அடர்ந்து, பின்னி, கைவைத்தால் திருப்பித் தள்ளும் மெத்தைபோல ஆயிற்று. இப்படி ஒரு தரையைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று வெளியூர் அணியின் பயிற்சியாளர் ஒருவர் மண்டியிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். மாமா வாரம் இருமுறை வெட்டினார். நூலின் உயரம் தாண்டவில்லை.

ஏப்ரல் 27, கழகக் கூட்டம். குறிப்பேடு வாசிக்கப்பட்டது. நீலம் எங்கே என்று கேட்டார்கள். மாமா மறுபடியும் முழங்காலைக் காட்டினார். விதையை மாற்றி வாங்கிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை. நம்பிக்கை மோசடி என்று எழுதி அன்றே நீக்கினார்கள். ஜூன் 30க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதுவரை மைதானத்திலோ கேலரியிலோ கால் வைக்கக் கூடாது. புல் வெட்டும் இயந்திரத்தைத் தொடக் கூடாது.

இந்த இடத்தில் மாமா என்ன உணர்ந்தார் என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. அவரிடமே கேட்டேன்.

“என்ன தோணுச்சு மாமா?”

“புதன்கிழமை வெட்டணுமேன்னு தோணுச்சு.”

பத்தியை எடுத்துவிட்டேன்.

6

ஏப்ரல் 28 முதல் நான் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் எங்களுக்கு அதற்கென்றே ஓரிடம் உண்டு. இறந்துபோனதாக எழுதப்பட்டு உயிரோடு இருப்பவர்கள், தவறாக அச்சான ஊர்வலத் தேதிகள் எல்லாம் அங்கே வரும்.

“புல்லுக்கெல்லாம் யாராவது திருத்தம் போடுவாங்களா?” என்றார் ஆசிரியர். “எட்டு மாசம் ஆச்சுய்யா. புல்லு வந்து கேட்டுச்சா?”

மே மாதம் முழுவதும் கேட்டேன். அந்த மாதத்தில்தான் இந்தக் கதையின் முதல் வரைவையும் எழுதினேன். அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் அட்டை வைத்து மூடியிருந்தது. வளர்ந்துகொண்டே போகும் புல்லை மாமாவால் பார்க்க முடியவில்லையாம். விளக்கைப் போட்டுக்கொண்டு, வாயில் இரண்டு குண்டூசியோடு அக்கா படித்தாள்.

“என்னைப் பத்தி ரெண்டே வரிதான் எழுதியிருக்க.”

“வேணும்னா இன்னும் கொஞ்சம் சேக்கறேங்க்கா. நீ கவலையா உக்காந்திருக்க மாதிரி…”

“கவலையா உக்காந்தா கை வேலையை யாருடா பாக்குறது? அதெல்லாம் வேணாம்.” குண்டூசிகளை எடுத்து ஊசி குத்தும் சிறு திண்டில் குத்தினாள். “இதுல ஒண்ணு தப்பா இருக்கு. அந்தப் பதினாறாவது வரியை யாரோ பக்கம் போடுறவரு சேத்தாருன்னு போட்டிருக்க.”

“ஆமா.”

“அன்னிக்கு எனக்கு போன் பண்ணிச் சிரிச்சியே, மறந்துட்டியா? ‘ஒரு வரி குறையுதுன்னாங்கக்கா, நானே ஒண்ணு அடிச்சு விட்டேன்’னு.”

மறக்கவில்லை. மூன்றாம் பகுதியின் அடிக்குறிப்புக்கு இப்போது வருகிறேன். பக்கம் அமைப்பவர் ஒரு வரி குறைகிறது என்று மட்டுமே சொன்னார். மாமாவிடம் கேட்டிருக்கலாம், தொலைபேசி மேசைமேல்தான் இருந்தது. பெயரிலேயே நீலம் இருக்கிறதே என்று நானே எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நிரப்ப வேண்டியிருந்த இடத்தின் நீளம் ஒன்றரை அங்குலம்.

[கடைசி வாக்கியம் உண்மையல்ல. எங்கள் பத்தியின் அகலம் அதைவிடக் கூடுதல். அழகாக இருக்கிறதே என்று எழுதிவிட்டேன். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை என்பதற்குச் சான்றாக இருக்கட்டும் என்று விட்டுவைக்கிறேன்.]

“இதை மாமாகிட்ட சொன்னியாக்கா?”

“அவருக்கு ஆகஸ்ட்லயே தெரியும். உன்னை மாட்டிவிட வேணாம்னு கூட்டத்துல வாயைத் திறக்கல. நீ என்னடான்னா கதையில பக்கம் போடுறவரை மாட்டிவிடுற.”

ஆசிரியரிடம் போய், பதினாறாவது வரி என் கற்பனை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்தார். “இதை முதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ போட்டிருப்பேனே” என்றார்.

7

இனி வருவதை நீங்கள் நம்பப்போவதில்லை. எழுதுகிறவனுக்கு வசதியாக நடந்த எதையும் வாசகர் நம்பக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் புல் என்னைக் கேட்டு வளரவில்லை.

மாமாவை நீக்கியவர்கள் மாற்று ஆளை நியமிக்கவில்லை. மூன்று பேர் மூன்று ஆளைச் சொன்னார்கள். மூன்று கூட்டம் நடந்தது. பழைய வெட்டும் இயந்திரத்தை ஓட்ட மாமாவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆறு வாரம் மைதானம் வெட்டப்படவில்லை. புல் கணுக்கால் தாண்டி, கெண்டைக்கால் தாண்டி, முழங்கால் தொட்டது. கதிர் வந்தது.

ஜூன் 7 காலை, தலைவர் கேலரியின் மேல் வரிசையில் ஏறி நின்று பார்த்தார். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. காற்று வீசியது. மைதானம் நீலமாக இருந்தது.

எங்கள் படமெடுப்பவரை அழைத்தார்கள். ஜூன் 8 அன்று முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்குப் படம்: நீல மைதானம், நடுவில் முழங்கால்வரை புல்லில் தலைவர். ‘சொன்னபடி நீலமானது’ என்று தலைப்பு. “ஆளை மாத்தினோம், நிறம் மாறிடுச்சு” என்று அவர் பேட்டி கொடுத்திருந்தார். மாற்றிய ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதே நாள், அதே நாளிதழ், இரண்டாம் பக்கத்தின் அடியில்: “ஆகஸ்ட் 12 இதழில் நீலப்புல் நீல நிறமுடையது என வெளியானது தவறு. அதன் நிறம் பச்சை. பிழைக்கு வருந்துகிறோம்.”

ஆசிரியர் இரண்டு பக்கத்தையும் மேசையில் அருகருகே வைத்திருந்தார்.

“முதல் பக்கம் நீலம்ங்குது. திருப்பினா பச்சைங்குது. எதுய்யா பொய்?”

“ரெண்டும் இல்ல சார்.”

“ரெண்டும் இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படித் திருத்தம் போடறது?”

ஜூன் 10 அன்று போட்டார்: “ஜூன் 8 இதழில் வெளியான திருத்தம் திரும்பப் பெறப்படுகிறது.” அதையும் நான்தான் எழுதினேன்.

அன்று மாலை மாமாவின் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் அட்டையை எடுத்திருந்தார். வெளியே புல் நின்றது. ஜன்னல் உயரத்திலிருந்து பார்க்கையில் அது பச்சையாகத்தான் இருந்தது.

“மேல ஏறிப் பாத்தியா மாப்ள?”

“பாத்தேன் மாமா. நீலமாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு.”

“நானும் பதினெட்டு வருசமா புல்லு வளக்கிறேன். அது தலையெடுத்து நான் பாத்ததே இல்ல” என்றார். மேலே போய்ப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.

8

ஜூன் 14 அன்று ஆட்டம். முழங்கால் புல்லில் பந்து உருளாது என்பது ஜூன் 12 அன்று கழகத்தின் கவனத்துக்கு வந்தது. எங்கிருந்தோ ஒரு வாடகை இயந்திரம் கொண்டுவந்து ஒரே நாளில் அடியோடு வெட்டினார்கள். புல்லை ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. இலையெல்லாம் மேலே போய்விட, அடியில் காய்ந்த தண்டுதான் மிஞ்சும். மைதானம் வைக்கோல் நிறமாயிற்று. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

“செத்துருச்சா?” என்று செயலாளர் ஜன்னல் வழியாக மாமாவைக் கேட்டார். அதிகாரப்பூர்வமாக அல்ல.

“மேலதான் போச்சு. கீழ தண்டு இருக்கு. தண்ணி காட்டுங்க, கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க, வந்துரும்.”

“யாரு வெட்டறது?”

 தையல் இயந்திரம் ஓடும் சத்தம் நின்றது என்று அக்கா சொன்னாள். இயந்திரத்தை நிறுத்தியவளும் அவள்தான்.

ஜூன் 20 அன்று கடிதம் வந்தது. மீண்டும் வேலை, வீடும் அதோடு. ஒரே நிபந்தனை, இணைப்பிலுள்ள உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்: ‘மைதானத்தை எப்போதும் ஒன்றரை அங்குல உயரத்திலும் நீல நிறத்திலும் பராமரிப்பேன்.’

மாமா அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“வாக்கியத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது மாப்ள. தரையில நிக்காது.”

“நீல மையில கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றாள் அக்கா. “அவங்களுக்கு அந்த அளவு நீலம் போதும்.”

“அடுத்த வருசம் குறிப்பேட்டை எடுத்துப் படிப்பாங்களே.”

“அடுத்த வருசம் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே சண்டை போடலாம்ல?”

9

முடிவு மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், மாமா கையெழுத்திடாமல் அளவுகோலை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். படிக்கும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் அந்த வீட்டுக்குப் படியே கிடையாது. கேலரிக்குக் கீழே தரையோடு தரையாக இருக்கிறது. தவிர, தையல் இயந்திரத்தை யார் தூக்குவது என்று அக்கா கேட்கிறாள்.

இன்னொன்றில், ‘நீல நிறத்திலும்’ என்ற சொற்களை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்; செயலாளர் அதைக் கவனிப்பதில்லை. மைத்துனன் எழுதிச் சேர்த்ததை மாமா அடித்துச் சரிசெய்கிறார் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்காகவே எழுதியதுபோல இருக்கிறது.

மூன்றாவதில் அப்படியே கையெழுத்திடுகிறார், அக்கா கொடுத்த பேனாவில். இது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததால் இதுதான் உண்மையாக இருக்குமோ என்று—

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். எழுதினாலும், ஆகஸ்ட் 12க்குப் பிறகு என் கடைசி வரியை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? எனவே உறுதிமொழியின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்தோ, அடித்தலோ, வெற்றிடமோ, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

நான் அளந்து உறுதிசெய்ததை மட்டும் தருகிறேன்.

ஜூலை 9, காலை ஏழு மணி. மைதானத்தில் புல்லின் உயரம் மூன்று இடங்களில் தையல் நாடாவால் அளக்கப்பட்டது. மூன்று இடத்திலும் ஒன்றரை அங்குலம். நிறம் பச்சை.